ஊசி போடாத டாக்டர்!

எங்கள் கள்ளக்குறிச்சிப் பக்கம் டாக்டர்கள் இரண்டு ரகம். காய்ச்சல் என்று போனதும் ஊசி போடுகிறவர் நல்ல டாக்டர். வெறும் மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்புகிறவர், 'அவருக்கு ஒண்ணும் தெரியலப்பா' டாக்டர். மூன்றாவதாக ஒரு ரகம் உண்டு. ஊசியும் கிடையாது, மாத்திரையும் கிடையாது. பெயருக்கு முன்னால் 'முனைவர்' என்று மட்டும் இருக்கும். அந்த ரகத்தில் ஒன்று எங்கள் வீட்டிலேயே இருக்கிறது. என் தம்பி!

நான் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் கணக்கு எழுதுகிறவன். எனக்குத் தெரிந்ததெல்லாம் பற்று, வரவு, பாக்கி. ஒரு வீட்டில் ஒருத்தன் பி.எச்டி. படித்தால் அந்த வீட்டுக்குப் பற்று எவ்வளவு, வரவு எவ்வளவு என்று யாராவது எழுதினால்தானே மற்றவர்களுக்கு உபயோகம்? பேராசிரியர்கள் எழுத மாட்டார்கள். அவர்களுக்கு வேறு வேலை இருக்கிறது. ஆகவே நான் எழுதுகிறேன்.

தம்பி எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்து, இரண்டு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு, தேசிய அளவில் நடக்கும் 'நெட்' தேர்வில் ஜே.ஆர்.எஃப். வாங்கினான். 2017-ல் ஓர் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தான். (எந்த ஆய்வுக்கூடம் என்று கேட்காதீர்கள். பின்னால் கொஞ்சம் திட்டவேண்டி இருக்கிறது.) முதல் லீவில் வந்தபோது அப்பா கேட்டார்.

"என்னாத்தப் பத்திடா ஆராய்ச்சி?"

"துருப்பிடிக்கிறதப் பத்திப்பா."

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு மண்வெட்டியைப் பார்த்தார்.

"இரும்பு தண்ணியில கெடந்தா துருப்பிடிக்கும்னு எனக்கே தெரியும். இதுக்கு அஞ்சு வருசமா?"

தம்பி பொறுமையாக விளக்கினான். கட்டடத் தூணுக்குள் இருக்கிற கம்பியை சிமென்ட்தான் காப்பாற்றுகிறது. கடல் காற்றில் இருக்கும் உப்பு கான்கிரீட்டுக்குள் மெள்ள மெள்ள இறங்கி, கம்பியைத் தொட்டதும் துரு ஆரம்பிக்கிறது. துரு சும்மா இருக்காது. இரும்பு இருந்த இடத்தைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். உள்ளேயிருந்தே நெம்பி, வெளியே கான்கிரீட் வெடித்து விழும். வெளியே தெரிகிறபோது காரியம் கைமீறியிருக்கும்.

"நம்ம பெரியப்பா வீட்டுப் பாகப்பிரிவினை மாதிரின்னு சொல்லு" என்றார் அப்பா. துருவைப் பற்றி இதைவிட நல்ல விளக்கத்தை நான் இன்றுவரை கேட்டதில்லை.

விளையாட்டில்லை சார். 1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலம் உப்புக் காற்றோடு போராடியே ஒரு நூற்றாண்டு ஓட்டியது. கடைசியில் 2022 டிசம்பரில் அதில் ரயிலை நிறுத்திவிட்டார்கள். பக்கத்திலேயே கட்டின புதுப் பாலம் 2025 ஏப்ரலில் திறந்தது. அதில் துருப்பிடிக்காத கம்பி, தனி ரகப் பெயின்ட் என்று துருவை நினைத்தே பல வேலைகள் செய்திருக்கிறார்கள். இன்னொரு பக்கம் டெல்லி இரும்புத் தூண் ஆயிரத்து அறுநூறு வருஷமாக மழையில் நின்றுகொண்டு நம்மைப் பார்த்துச் சிரிக்கிறது. அந்த இரும்பில் பாஸ்பரஸ் அதிகம், அதனால் மேலே ஒரு மெல்லிய காப்புப் படலம் உண்டாகிறது என்று விளக்கியவர் ஐ.ஐ.டி. கான்பூரில் இருந்த பேராசிரியர் ஆர்.பாலசுப்ரமணியம். ஆக, துருவும் ஒரு படிப்புதான். அதற்குச் சம்பளமும் உண்டு.

சம்பளம் என்றா சொன்னேன்? அங்கேதான் நம் கணக்குப் புத்தகம் திறக்கிறது.

தம்பி சேர்ந்தபோது ஜே.ஆர்.எஃப். மாதம் 25,000 ரூபாய். 2019 ஜனவரியிலிருந்து 31,000 ஆக்கினார்கள். இரண்டு வருஷம் முடிந்து சீனியர் ஆனால் 35,000. 2023 ஜனவரியிலிருந்து முதல் இரண்டு வருஷத்துக்கு 37,000, பிறகு 42,000. வீட்டு வாடகைப்படி தனி. கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? எனக்கும் நன்றாகத்தான் இருந்தது. என் சம்பளத்தைவிட அதிகமாயிற்றே!

ஆனால் உதவித்தொகை என்பது மழை மாதிரி. எவ்வளவு என்பது வேறு, எப்போது என்பது வேறு. ஒரு தடவை ஏழு மாசம் வரவேயில்லை. காகிதம் ஓர் ஆபீசிலிருந்து இன்னோர் ஆபீசுக்குப் போய், அங்கே ஒருவர் லீவில் போய், அவர் வந்தபோது இன்னொருவர் மாற்றலாகி... நாமும் ஆபீசில் இருப்பவர்கள்தானே, தெரியாதா? அந்த ஏழு மாசமும் தம்பிக்கு மெஸ் பணம் போனது என் பாக்கெட்டிலிருந்து. ஏழாவது மாசம் மொத்தமாக வந்ததும் முதல் வேலையாகத் திருப்பிக் கொடுத்தான். நான் வட்டி கேட்டேன். "துரு பத்தி ஃப்ரீயா ஒரு லெக்சர் குடுக்கிறேண்ணே" என்றான்.

பெண் பார்க்கிற படலம் இன்னொரு தனிக்கதை. சின்னசேலத்திலிருந்து ஓர் இடம் வந்தது.

"மாப்பிள்ளை என்ன பண்றாரு?"

"பி.எச்டி. பண்றாரு."

"சரிங்க... வேலைக்கு எப்பப் போவாரு?"

"இதுவே வேலைதாங்க."

"அப்ப எப்பப் படிச்சு முடிப்பாரு?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்த பி.எச்டி. மாணவர் உலகத்திலேயே கிடையாது. காபி ஆறிப் போனது. அந்த இடமும் போனது.

இதற்கு நடுவில்தான் மாவுப்பூச்சி வந்தது.

கல்வராயன் மலை அடிவாரத்தில், கச்சிராயபாளையம் பக்கம், எங்களுக்கு இரண்டு ஏக்கர் மரவள்ளி. கோமுகி அணைத் தண்ணீர் எட்டாத மேட்டுக்காடு. எங்கள் பக்கத்து விவசாயிக்கு மரவள்ளிதான் பேங்க். குச்சி நட்டுப் பத்து மாசத்தில் கிழங்கு. சேகோ ஃபேக்டரிக்காரன் மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று பார்த்து விலை போடுவான். நீங்கள் விரதத்துக்குப் பாயசம் வைக்கிறீர்களே, அந்த ஜவ்வரிசி எங்கள் மண்ணுக்குள்ளிருந்து வந்ததாகவும் இருக்கலாம்.

2020 ஏப்ரலில் கேரளத்தில் திருச்சூர்ப் பக்கம் ஒரு புது மாவுப்பூச்சியைக் கண்டார்கள். தென் அமெரிக்காப் பூச்சி. நம்ம ஊரில் அதைத் தின்ன ஆளே இல்லை. நடுகிற குச்சியோடு சேர்ந்து பயணம் பண்ணுகிற ஜாதி. கொஞ்ச நாளிலேயே சேலம், நாமக்கல் என்று பரவி எங்கள் பக்கமும் வந்துவிட்டது. கொழுந்தெல்லாம் சுருண்டு, கொத்துக் கொத்தாக, முட்டைக்கோஸ் மாதிரி ஆகிவிடும். செடி வளராது. கிழங்கு பருக்காது. அப்பா மருந்தடித்தார். பூச்சி மேலே மெழுகு மாதிரி வெள்ளைப் பூச்சு இருப்பதால் மருந்து வழுக்கிக்கொண்டு போனது. மறுபடி அடித்தார். மருந்துக் கடையில் பாக்கி ஏறியது.

ஒருநாள் ராத்திரி சாப்பிடும்போது அப்பா சொன்னார். "வீட்ல ஒரு டாக்டரு இருக்கான். செடிக்கு மருந்து சொல்லத் தெரியல."

தம்பி சோற்றைப் பிசைந்தபடி, "என் சப்ஜெக்ட் அது இல்லப்பா" என்றான். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து கை கழுவப் போய்விட்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

மறுநாள் தம்பி ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பிப் போய், தன் துருவை ஓரமாக வைத்துவிட்டு, இந்தப் பூச்சியைப் பற்றி நாலு நாள் படித்துவிட்டு எனக்குப் போன் பண்ணினான். அவன் சொன்ன கதையை அப்படியே தருகிறேன்.

இதே பூச்சி 1970-களில் ஆப்பிரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே கோடிக்கணக்கான ஜனங்களுக்கு மரவள்ளிதான் சோறு. பஞ்சம் வந்துவிடும் என்று நடுங்கினார்கள். நைஜீரியாவில் ஒரு சர்வதேச ஆய்வு நிலையத்துக்கு ஹான்ஸ் ஹெரன் என்கிற சுவிட்சர்லாந்துக்காரர் வேலைக்கு வந்தார். அவரும் பண்ணையில் வளர்ந்த பிள்ளைதான். பூச்சியியலில் டாக்டர் பட்டம். மருந்து வேண்டாம், இந்தப் பூச்சி பிறந்த ஊரிலே இதற்கு எதிரி யார் என்று தேடுவோம் என்றார். 1981-ல் பராகுவே நாட்டில் பூச்சியும் அகப்பட்டது, அதன் எதிரியும் அகப்பட்டது. எதிரி ஒரு குட்டிக் குளவி. பெயர் அனாகைரஸ் லோபெஸி. நெற்றியில் வைக்கிற சாந்துப் பொட்டில் பாதிகூட இருக்காது. மாவுப்பூச்சிக்குள் முட்டை வைக்கும். குஞ்சு உள்ளேயே இருந்து அதைத் தின்று தீர்த்துவிட்டு வெளியே வரும். வேறு எதையும் சீண்டாது. ஹெரன் கோஷ்டி குளவியை வளர்த்து, பல நாடுகளில் விமானத்திலிருந்துகூடக் கொட்டினார்கள். பூச்சி அடங்கிப் போயிற்று. 1995-ல் அவருக்கு உலக உணவுப் பரிசு கொடுத்தார்கள்.

"அப்ப அந்தக் குளவிய நம்ம ஊருக்கும் கொண்டாரலாமே?" என்று கேட்டேன்.

"கொண்டாந்துட்டே இருக்காங்கண்ணே" என்றான்.

நிஜம்தான். பெங்களூரில் தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம் என்று ஒன்று இருக்கிறது. அங்கே இருக்கிற 'ஊசி போடாத டாக்டர்கள்' 2021-ல் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து இந்தக் குளவியைத் தருவித்தார்கள். உடனே திறந்து விடவில்லை. நம் ஊரில் வேறு நல்ல பூச்சியைக் கெடுத்துவிடுமா என்று பூட்டி வைத்துப் பார்த்தார்கள். அப்புறம் 2022 மார்ச் 7-ம் தேதி, ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் வைத்து வெளியே விட்டார்கள். ஏத்தாப்பூர் எங்கே இருக்கிறது? ஆத்தூரைத் தாண்டினால் வந்துவிடும். சேலம் பஸ்ஸில் போகும்போது எத்தனையோ தடவை கடந்து போயிருக்கிறேன். உள்ளே என்ன நடக்கிறது என்று நினைத்துப் பார்த்ததில்லை.

அடுத்த பட்டத்தில் எங்கள் காட்டில் கொழுந்து நிமிர்ந்தது. குளவியாலா, அந்த வருஷம் பெய்த மழையாலா என்று எனக்கும் அப்பாவுக்கும் இன்னும் தகராறு. கன மழை பெய்தாலும் மாவுப்பூச்சி கழுவிக்கொண்டு போகும். அப்பா மழைக் கட்சி. நான் குளவிக் கட்சி. ஆனால் அன்றிலிருந்து அவர் தம்பியிடம் 'எப்ப முடியும்' என்று கேட்பதை நிறுத்திவிட்டார்.

தம்பி 2023-ல் முடித்தான். வயது 31. அப்போதுதான் உண்மையான சிக்கல். பெங்களூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி அவனைக் கூப்பிட்டது. துருவுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. மாசம் ஒரு லட்சத்துக்குக் கிட்ட. அதே வாரம், ஆய்வுக்கூடம் ஒன்றில் ரிசர்ச் அசோசியேட் வேலை, 58,000 ரூபாய். அதுவும் வருஷத்துக்கு வருஷம் நீட்டிப்பு. எனக்கு வீட்டுக்கு மாடி எடுக்கவேண்டும். அப்பாவுக்கு மருந்துக் கடை பாக்கி. கணக்குப் பிள்ளையாக எனக்குச் சந்தேகமே இல்லை, பெங்களூர்தான். தம்பியும், "நீ சொல்றபடி செய்றேண்ணே" என்று என் தலையில் கட்டிவிட்டான்.

அப்பாதான் வாயைத் திறந்தார். "அந்தக் குளவிக்காரன் அன்னிக்கே வேற வேலைக்குப் போயிருந்தா?"

அவ்வளவுதான் சொன்னார். மழைக் கட்சிக்காரர் இப்படிப் பேசுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மாடி தள்ளிப் போயிற்று.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கலாம். அல்லது நீங்களே பகலில் ஆபீஸ், ராத்திரியில் அப்ளிகேஷன் என்று இருக்கலாம். இரண்டு வருஷம் தம்பியோடு சேர்ந்து விளம்பரம் பார்த்ததில் நான் கற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலில், பி.எச்டி. என்றால் கல்லூரி வாத்தியார் வேலை மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். மத்திய அரசின் சி.எஸ்.ஐ.ஆருக்கு நாடு முழுக்க 37 ஆய்வுக்கூடங்கள். நம் மாநிலத்தில் மட்டும் மூன்று. காரைக்குடியில் மின்வேதியியல், சென்னையில் தோல் ஆராய்ச்சி, கட்டமைப்புப் பொறியியல். காரைக்குடிக்கு அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953-ல் திறந்தார்கள். துருவும் பேட்டரியும் அங்கே பெரிய சப்ஜெக்ட். மின்சார வண்டி ஓடுகிற காலத்தில் பேட்டரி தெரிந்தவனுக்குத் தனியாரிலும் கிராக்கிதான். சிவில், மெக்கானிக்கல் என்ஜினீயர்கள் தரமணிக் கட்டமைப்புக் கூடத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளலாம். கல்வராயன் மலையிலிருந்து மூட்டை மூட்டையாக இறங்குகிறதே கடுக்காய், அது தோல் பதனிடவும் ஆகிற சரக்கு. ஆக, தோல் ஆராய்ச்சிக்கும் எங்கள் மலைக்கும் தூரத்து உறவு உண்டு!

இரண்டாவது, ரிசர்ச் அசோசியேட் என்பது பஸ் ஸ்டாண்டு, வீடு அல்ல. 2023 கணக்குப்படி அதில் மூன்று படிகள். 58,000, 61,000, 67,000. வாடகைப்படி தனி. அங்கேயே பாய் விரித்துப் படுத்துவிடக் கூடாது. ஒரு கண் நிரந்தர வேலை மேலேயே இருக்கவேண்டும்.

மூன்றாவது, வயசு. இதுதான் ஆளைக் கொல்வது. சி.எஸ்.ஐ.ஆரில் டாக்டர் பட்டக்காரர்கள் சேருகிற முதல் படி சயன்டிஸ்ட் வேலைக்குப் பெரும்பாலும் 32 வயசு வரைதான். பிற்பட்டோருக்கு மூன்று வருஷம், பட்டியல் வகுப்பினருக்கு ஐந்து வருஷம் சலுகை. அது ஒதுக்கீட்டு இடங்களுக்கு மட்டும். அடிப்படைச் சம்பளம் 67,700-ல் ஆரம்பம். படி எல்லாம் சேர்ந்தால் லட்சத்தைத் தொடும். இஸ்ரோவிலும் டாக்டர் பட்டக்காரர்களுக்கு 'எஸ்.டி.' என்று தனிப் படி, அதே ஆரம்பச் சம்பளம். கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையம், பாதுகாப்புத் துறை ஆய்வுக்கூடங்கள், வேளாண் ஆராய்ச்சி நிலையங்கள் என்று கதவுகள் பல. ஒவ்வொரு கதவுக்கும் ஒவ்வொரு சாவி. சிலவற்றுக்கு எழுத்துத் தேர்வு, சிலவற்றுக்கு நேர்முகம். விளம்பரத்தை வரி விடாமல் படிக்கவேண்டும். மூன்று வருஷத்தில் முடிகிற ஆராய்ச்சியை ஏழு வருஷம் இழுத்தால், இழுத்தது கைடாக இருந்தாலும் வயசு போவது உங்களுடையது.

நான்காவது, பெரிய ஊரில்தான் ஆராய்ச்சி என்கிற எண்ணத்தை விடுங்கள். எங்கள் கல்வராயன் மலைக்கு அண்டை வீட்டுக்காரி ஜவ்வாது மலை. அங்கே காவலூரில் 1986-லிருந்து 2.3 மீட்டர் தொலைநோக்கி ஒன்று நட்சத்திரம் எண்ணுகிறது. எங்கள் ஊர்க் கரும்புக்காரர் 'எண்பத்தாறு' என்று செல்லமாகச் சொல்கிற ரகத்தின் முழுப் பெயர் கோ 86032. 'கோ' என்றால் கோயமுத்தூர். அங்கே 1912-ல் தொடங்கிய கரும்பு ஆராய்ச்சி நிலையம் பெற்ற பிள்ளை. ஊசி போடாத டாக்டர்கள் நம்மைச் சுற்றி எப்போதும் இருந்திருக்கிறார்கள். போர்டு சின்னது, கேட் பூட்டியிருக்கும், அவ்வளவுதான்.

தம்பி மூன்று நேர்முகத்துக்குப் போனான். முதலாவதில் ஒரு பெரியவர், "உங்க ஆராய்ச்சியால நாட்டுக்கு என்ன லாபம்?" என்று கேட்டிருக்கிறார். இவன் முழித்திருக்கிறான். இரண்டாவதிலும் அதே கேள்வி. மூன்றாவது தடவைக்கு முன் அப்பா சொல்லிக் கொடுத்தார். "வெளிய தெரியறதுக்கு முந்தி உள்ள கெட்டுப் போறத கண்டுபிடிக்கிறேன்னு சொல்லு." அதைத்தான் சொன்னானாம். பெரியவர்கள் தலையாட்டினார்களாம்.

2025-ல் ஆர்டர் வந்தது. வயது 33, சலுகைக்குள் அகப்பட்டுவிட்டான். அப்பா கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "பென்சன் உண்டா?"

"பழைய பென்சன் இல்லப்பா. சம்பளத்துல புடிப்பாங்க, அவங்களும் போடுவாங்க."

"அதுவும் துருப்பிடிக்காம பாத்துக்க."

சரி, கணக்கை முடிக்கவேண்டும். பற்று: எட்டு வருஷம், ஒரு மாடி, சின்னசேலம் சம்பந்தம், ஆறிப்போன காபி. வரவு: ஒரு சயன்டிஸ்ட். பாக்கி என்ன என்று என்னால் இன்னும் எழுத முடியவில்லை. அவன் பரிசோதிக்கிற ஏதோ ஒரு பாலம் நாற்பது வருஷம் கழித்து விழாமல் நிற்கும். விழாத பாலத்துக்கு எந்த லெட்ஜரிலும் பத்தி கிடையாது.

உங்கள் தெருவில் ஒரு பி.எச்டி. மாணவன் லீவில் வந்திருந்தால் தயவுசெய்து 'எப்ப முடியும்' என்று கேட்காதீர்கள். 'இந்த வாரம் என்ன ஆச்சு?' என்று கேளுங்கள். அரை மணி நேரம் நிறுத்தாமல் பேசுவான். பாதி புரியாது. பரவாயில்லை, ஊசி வலியைவிடக் கம்மிதான்!